புதுச்சேரியில் நல்ல டிம் சம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். ஹாங்காங்கில் மூன்று வருடம் வேலை பார்த்த அக்கா மகள் ஊருக்கு வந்திருக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு டிம் சம் (கொழுக்கட்டை மாதிரி ஆவியில் அவிக்கிற சீனப் பலகாரம்) வாங்கித் தர ஆசை.

போன மாதம் புதுச்சேரியில் ஓர் உணவகத்தில் இறால் டிம் சம் சாப்பிட்டோம். நான்கு துண்டு 420 ரூபாய், வரி தனி. மேல்மாவு தடித்து, ஆறிப்போய் தட்டில் ஒட்டிக்கொண்டது. உள்ளே இறால் சுண்டுவிரல் நகம் அளவுதான். துறைமுகத்துப் பக்கம் இருக்கிற எங்களுக்கு மனசே ஆறவில்லை. ஹா காவ் என்கிற இந்த இறால் வகைக்குக் கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சேர்த்து மேல்மாவு பிசைவார்களாம். வெந்ததும் கண்ணாடி போல ஆகி, இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும். மூங்கில் கூடையோடு ஆவி பறக்க வர வேண்டும், கூடவே தேநீர். மைதா மோமோவையே பெயர் மாற்றி, விலையை ஏற்றித் தருகிற இடம் வேண்டாம்.

ஐந்து பேர், 3,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கேட்ட பிறகு அவித்துத் தருகிற கடை புதுச்சேரியிலோ கடலூரிலோ தெரிந்தால் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், கூடைக்கு எத்தனை துண்டு, என்ன விலை என்றும் எழுதினால் பெரிய உதவி. அப்புறம், அப்பா சைவம். காளான் வகை கிடைக்குமா?