நாகோல்ட் ஆற்றங்கரையில் கால்வ்: நான் கண்ட ஊர்

'சித்தார்த்தா' நாவலை எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே 1877 இல் பிறந்த ஊர் என்பதற்காகவே பலரும் கால்வுக்குச் செல்கிறார்கள். நானும் அப்படித்தான் சென்றேன். ஆனால் அங்கே என்னை அதிகம் ஈர்த்தது நாகோல்ட் ஆறுதான். தென்மேற்கு ஜெர்மனியில், கருங்காட்டின் கிழக்கு ஓரத்தில், காடடர்ந்த இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஊர் ஆற்றையொட்டி ஒடுங்கிக் கிடக்கிறது.

ஏறத்தாழ 1400 இல் கட்டப்பட்ட கல்பாலத்தில் வெகுநேரம் நின்றிருந்தேன். அதன் நடுத்தூணின்மேல், செம்மணற்கல்லில் எழுப்பிய, நம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் அளவேயான ஒரு சிற்றாலயம், நீர்வழிப் பயணிகளைக் காப்பவராகக் கருதப்படும் புனித நிக்கோலாஸுக்கு உரியது. காரணம் இல்லாமலில்லை. கருங்காட்டில் வெட்டிய மரங்களை, சூடேற்றி முறுக்கிய இளங்கொம்புகளையே கயிறாகக் கொண்டு தெப்பங்களாகப் பிணைத்து, இந்த ஆற்றில் இறக்கி, என்ஸ், நெக்கார், ரைன் ஆறுகளின் வழியே ஹாலந்து வரை கொண்டு சென்றிருக்கிறார்கள்.

மரத்தைவிடத் துணிதான் ஊருக்குச் செல்வம் சேர்த்தது. துணி வணிகர்களும் சாயத்தொழிலாளர்களும் 1650 இல் அமைத்த வணிகக் குழுமம் 1797 வரை நீடித்தது. சுற்றுவட்டார நெசவாளர்கள் தாங்கள் நெய்த கம்பளித் துணியை அக்குழுமத்துக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், ஊரின் செழிப்பு அனைவருக்கும் பொதுவானதாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சந்தைச் சதுக்கத்தின் மரச்சட்ட வீடுகளைப் பார்த்து அவை இடைக்காலத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரின்போது 1634 இலும், பிரெஞ்சுப் படையால் 1692 இலும் ஊர் எரிக்கப்பட்டது. இன்று நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை அதன் பின்னர் எழுந்தவை. பக்கத்தில் உள்ள ஹிர்சாவின் பெரிய துறவி மடமும் அதே 1692 இல்தான் எரிந்தது. ஆற்றோரமாகவே நடந்து சென்று அந்த இடிபாடுகளையும் பார்த்துவிடுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட், கிறித்தவ மறைபரப்புப் பணிக்காக 1836 இல் சென்னைக்கு வந்து, திருநெல்வேலியில் சிறிது காலம் பணியாற்றி, பின்னர் தலைச்சேரியில் தங்கிவிட்டவர். ஹெஸ்ஸேயின் தாயார் 1842 இல் பிறந்ததும் அங்கேதான். உடல்நலம் குன்றி 1859 இல் நாடு திரும்பிய குண்டர்ட், கால்வின் கிறித்தவ நூற்பதிப்பகத்தை நடத்திக்கொண்டே, 1872 இல் வெளியான மலையாள அகராதியையும் முடித்தார்.