பழைய செயின் சா: ஆயில் சீலா, இன்டேக் பூட்டா?

வணக்கம் நண்பர்களே, பட்டுக்கோட்டைப் பக்கம் பழைய 52 சிசி செயின் சா (மரம் அறுக்கும் மிஷின்) ஒன்று வாங்கியிருக்கிறேன், 22 இன்ச் பார் (செயின் ஓடும் பட்டை). 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தபோது வாங்கி, அப்புறம் கொட்டகையிலேயே கிடந்த மிஷின். இதை எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும்.

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டனில் அந்தப் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தால் தடவினால் லேசாக மாட்டுகிறது. கார்புரேட்டர் பக்கம் வழவழவென்று இருக்கிறது. கம்ப்ரஷன் 115 பிஎஸ்ஐ காட்டுகிறது. ஆயில் குறைவாகக் கலந்தாலும் இப்படிக் கோடு விழும், எங்கிருந்தாவது காற்றை இழுத்துக்கொண்டு பெட்ரோல் பற்றாமல் ஓடினாலும் விழும். எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம், ஏனென்றால் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடுகிற மிஷின் சூடானதும் ஐடிலில் தானாகவே சத்தம் ஏறுகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்க நேரம் எடுக்கிறது. கார்புரேட்டர் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்துப் போயிருந்தது, புதுசு போட்டேன், அப்படியும் அதேதான்.

பிரஷர் டெஸ்டர் இல்லாமல், கோளாறு கிராங்க் ஆயில் சீலிலா (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இன்டேக் பூட்டிலா (கார்புரேட்டரை சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர் குழாய்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கலாம் என்கிறார்கள், சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்க எனக்கு அது சரியாகப் படவில்லை. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தை மட்டும் எடுத்துவிட்டு பிஸ்டன், ரிங் மாற்றினால் போதுமா, இல்லை முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

செயின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, செயின் கேட்சர் (அறுந்த செயின் கைப்பக்கம் வராமல் தடுக்கும் பாகம்) உடைந்திருந்ததை மாற்றிவிட்டேன். தஞ்சாவூர், திருச்சி பக்கம் இந்த வேலை தெரிந்த மெக்கானிக் இருந்தாலும் சொல்லுங்கள், நேரிலேயே கொண்டு வருகிறேன்.