வரிப் பட்டியலில் நாலு சுப்பையா

குழு: சுடலைமாடன் கோயில் கொடை – குடும்பத்தார்

பொருளாளர் மாமா, காலை 6:50
எல்லோருக்கும் வணக்கம். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு நேற்று வரை வந்த தலைக்கட்டு வரி, தொடர்ச்சி:
38. கடைக்கார சுப்பையா – 2000
39. டிரைவர் சுப்பையா – 2000
40. மேலத்தெரு சுப்பையா – 2500
41. நொண்டி சுப்பையா – 2000
விடுபட்டவர்கள் இன்று இரவுக்குள் சொல்லவும். வில்லுப்பாட்டுக்கும் நையாண்டி மேளத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

செல்வி, 7:20
பெரியப்பா, 41ஆம் எண் எங்கள் அப்பா. இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்.

பொருளாளர் மாமா, 7:31
தெரியாமல் என்னம்மா. நானும் உங்கப்பனும் ஒரே பெஞ்சு. வைய வேண்டும் என்றா போட்டேன்? ஊரில் சுப்பையா நாலு பேர். எந்தச் சுப்பையா என்று ஆள் தெரிய வேண்டாமா? ரசீதுப் புத்தகத்திலேயே காலங்காலமாக அப்படித்தான் இருக்கிறது.

கணேசன், 7:34
மாமா மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு எழுதுபவர் இல்லை அக்கா. நம் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் யார்? என்னைப் பல்லன் என்று கூப்பிடவில்லையா?

செல்வி, 7:41
நீ பல்லுக்குக் கிளிப் போட்டாய், பெயர் போய்விட்டது. அப்பாவுக்கு என்ன போட்டால் போகும்?
மற்ற மூன்று பேரைப் பார். ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு லாரி, ஒருவருக்குத் தெரு. அப்பா முப்பத்தைந்து வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறார். ஒற்றைக் காலால் மிதிக்கிறார். இந்தக் குழுவில் பாதிப் பேருடைய பள்ளிக்கூடச் சட்டை அவர் தைத்தது. அவர் ஏன் டெய்லர் சுப்பையா இல்லை?

பொருளாளர் மாமா, 7:48
டெய்லர் என்று போட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகக் கடை வைத்திருக்கிறாரே, அவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கணேசன், 7:49
அவர் பெயர் சுப்பையாவே இல்லையே. இது நொண்டிச் சாக்கு மாமா.

நான், 7:49
ஏல கணேசா!

கணேசன், 7:50
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பொருளாளர் மாமா, 7:52
நீக்கினால் என்ன, நான் பார்த்துவிட்டேன். நீ சொன்னால் பேச்சு வழக்கு, நான் எழுதினால் குத்தமா?

பாளை சித்தி, 8:15
இப்போதுதான் பார்க்கிறேன். அண்ணே, கணேசன் வாயில் வந்ததும் சரி இல்லைதான். ஆனால் அவன் ஒரு சாக்கைச் சொன்னான், நீங்கள் ஒரு மனுஷனைச் சொன்னீர்கள். இரண்டும் ஒரே எடை இல்லை.
எனக்குப் பிடிக்காத சொல் 'ஊமை'. காது கேளாத பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்குப் பள்ளி தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் நம் ஜனம் அந்தப் பிள்ளைகளை ஊமை என்றுதான் சொல்கிறது. ஒரு நாள் இடைவேளையில் அந்த வகுப்பு வாசலில் நின்று பாருங்கள். சிரிப்பும் கூச்சலும் பெஞ்சைத் தட்டுகிற சத்தமும் தெருவுக்குக் கேட்கும். காது கேட்காததால் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். கைகளால் அவர்கள் பேசுகிற வேகத்துக்கு நான்தான் பின்தங்கிப் போவேன்.

கணேசன், 8:22
சித்தி, சொல்லை மாற்றினால் மட்டும் சரியாகிவிடுமா? ஆபீஸில் பையன்கள் ஒருவன் கொஞ்சம் ஒதுங்கி இருந்தால் 'உனக்கு என்ன ஆட்டிசமா' என்கிறார்கள். 'ஸ்பெஷல் சைல்டு' என்பதும் இப்போது கிண்டல். டாக்டர் சொன்ன பெயரும் மரியாதைக்கு வைத்த பெயரும் வசவாகிவிட்டன. நாளைக்கு இன்னொரு சொல் கண்டுபிடித்தால் அதற்கும் இதே கதிதான்.

பாளை சித்தி, 8:26
அதற்காகப் பழைய வசவையே வைத்துக்கொள்ளலாம் என்கிறாயா?

கணேசன், 8:27
அப்படிச் சொல்லவில்லை. 'லூசு' என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் போகாது, அதைத்தான் யோசிக்கிறேன்.

நான், 8:30
லூசு செல்லமாகவும் வருகிறது. மெண்டல் அப்படி வருவதில்லை. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' அதைவிட மோசம். குணமாக்கி அனுப்புகிற ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். மனசு சரியில்லை என்று டாக்டரைப் பார்க்கப் போகிறவள் அதை வீட்டில் எப்படிச் சொல்வாள்? நான் சொல்லவில்லை. போன வருடம் நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்.

பாளை சித்தி, 8:31
கீதா, போன் போடுகிறேன். எடு.

வக்கீல் அத்தான், 9:05
கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். மாமா, ஒரு தகவலுக்குச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 92. பொதுப் பார்வை படும் இடத்தில் ஒருவரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழித்துப் பேசினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

பொருளாளர் மாமா, 9:07
கொடைக்கு வரி எழுதினதுக்கு ஜெயிலா!

வக்கீல் அத்தான், 9:10
பயப்படாதீர்கள். நோக்கம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்களிடம் அது இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. இரண்டாம் நாள் ராத்திரிக்கு மிமிக்ரி பேசியிருக்கிறீர்களே, போன வருடம் அந்தப் பையன் அரை மணி நேரம் திக்குவாய் வைத்தே ஓட்டினான். முன்வரிசையில் திக்கிப் பேசுகிற பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது, நான் பார்த்தேன். 2024 ஜூலையில் நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் பிரித்துச் சொன்னது. ஊனத்தைப் புரிய வைக்கிற நகைச்சுவை வேறு, ஊனமுள்ளவரை மட்டம் தட்டுகிற நகைச்சுவை வேறு என்று. அது சினிமா தொடர்பான வழக்கு. கோயில் மேடைக்கும் யோசிக்கலாம்.

பொருளாளர் மாமா, 9:14
மிமிக்ரிப் பையனிடம் பேசுகிறேன். அட்வான்ஸ் திரும்ப வராது.

முத்து அண்ணன், 10:40
தென்காசியில் பேங்கு வேலையாக நின்றேன், இப்போதுதான் முழுதும் படித்தேன். இந்தக் குழுவில் காலுக்குக் காலிபர் என்கிற தாங்கு கம்பி மாட்டிக்கொண்டு நடக்கிறவன் நான் ஒருத்தன், என்னை யாரும் கேட்கவில்லை. சரி, நானே சொல்கிறேன்.
பழமொழி, மரபுத்தொடர் எல்லாம் என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. நொண்டிச் சிந்து என்று பாட்டு வகை இருக்கிறது. பிள்ளைகள் பாண்டி ஆடும்போது நொண்டி அடிக்கிறார்கள். அதையெல்லாம் அழிக்கவா முடியும்? நொண்டி நாடகம் என்றே ஒரு இலக்கிய வகை உண்டு, திருச்செந்தூர் முருகன் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு ஒரு வருத்தம் மட்டும் உண்டு. கதாநாயகன் திருடுவான், தண்டனையாகக் கால் போகும், சாமியைக் கும்பிட்டதும் திரும்ப வரும். கால் இல்லாதவன் ஏதோ செய்திருப்பான் என்கிற நினைப்பு அங்கேயே இருக்கிறது. என் அம்மாவிடம் எத்தனை பேர் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்தது இளம்பிள்ளை வாதம். ஒரு கிருமி. 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவுகிற அந்தக் கிருமி இந்தியாவில் யாரையும் முடக்கவில்லை, சொட்டு மருந்து போதுமானதாக இருந்தது. யாருடைய பாவமும் தீர வேண்டியிருக்கவில்லை.

முத்து அண்ணன், 10:52
இன்னொன்று. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். 1981இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஐயா 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது யாராவது அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐயா என்றுதான் கேட்டிருக்கிறேன்.
அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளக் கூடாது. முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்களும் ஒரு வருடமாகக் கம்பு ஊன்றித்தான் நடக்கிறீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் முதல் எண், 'பொருளாளர்' என்று இருக்கிறது. அப்போது அந்த வார்த்தை காலைப் பார்த்து வரவில்லை. ஆளைப் பார்த்து வருகிறது.

கணேசன், 11:01
அப்படியென்றால் மாற்றுத்திறனாளி சுப்பையா என்று போட்டுவிடலாமா அண்ணே?

முத்து அண்ணன், 11:06
வேண்டாம் தம்பி. கலைஞர் கொண்டுவந்த சொல் அது. 2010இல் தனித் துறை அமைத்தபோது அந்தப் பெயரையே வைத்தார்கள். 'ஊனமுற்றோர்' என்று எழுதிய காலத்துக்கு அது பெரிய மரியாதை. பஸ் பாஸிலும் உதவித்தொகை மனுவிலும் இருக்கட்டும். எனக்கு மாற்றுத் திறன் ஒன்றும் கிடையாது. எல்லோரையும் போலக் கணக்கு எழுதுவேன், சுமாராகச் சீட்டு ஆடுவேன். பேங்கு வாசலில் நாலு படி ஏற முடியவில்லை, கைப்பிடிக் கம்பி இல்லை. என் சிக்கல் அங்கேதான்.

நான், 12:20
ஆச்சிக்கு எல்லாவற்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:
"எனக்குக் காது கேட்காது, ஊருக்கே தெரியும். கீதா 'ஏ செவிட்டுக் கிழவி' என்று கூப்பிடுவாள், நான் சிரிப்பேன். அதையே மருமகள் சொன்னால் மறுநாள் சோறு இறங்காது. வார்த்தை ஒன்றுதான். சுப்பையாவை அவன் ஆத்தா ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'ராசா' என்பாள்."

அத்தை, 12:24
நான் எப்போது சொன்னேன்?

நான், 12:25
உதாரணத்துக்குச் சொல்கிறார்கள் அத்தை.

அத்தை, 12:25
உதாரணத்துக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

செல்வி, பகல் 1:45
சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குப் போன் செய்து முழுவதும் வாசித்தேன். சிரிக்கிறார். 'அவன் அப்படிக் கூப்பிட்டால்தான் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று எனக்கே தெரியும், விடு' என்கிறார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் 'நொண்டி மகள்'. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டபோது 'நொண்டி வீடா, மூணாவது வீடு' என்று கை காட்டியிருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இது பரம்பரையா என்று. இதை அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

பொருளாளர் மாமா, 2:30
செல்வி, நான் என்ன எழுத என்று தெரியாமல் இவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கையெழுத்துப் புத்தகத்தில் அடித்துத் திருத்திவிட்டேன். சாயங்காலம் உங்கப்பனைப் பார்க்கப் போகிறேன்.
41. டெய்லர் சுப்பையா – 2000

செல்வி, 2:38
சரி பெரியப்பா. அப்பா இன்னொன்றும் சொன்னார். பெயரை விடு, பணத்தைக் கேள் என்றார். அவர் கொடுத்தது 2500.

பொருளாளர் மாமா, 2:55
ரசீதைப் பார்த்தேன். ஆமாம், 2500தான். மேலத்தெரு சுப்பையா கொடுத்தது 2000. இரண்டும் மாறி ஏறிவிட்டன.

கணேசன், 2:56
ஆள் மாறக் கூடாது என்றுதானே மாமா அந்தப் பெயரையே போட்டீர்கள்?

மேலத்தெரு மணி, 3:10
அப்போது எங்கப்பா இன்னும் 500 கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? காலையில் இருந்து அவரும் 2500 என்று பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.