பைபாஸ் ரவுண்டானாவில் என்ன வைக்கலாம்? ஊர்க்காரர்களிடம் எப்படிக் கேட்பது?

பாவோடி:
பைபாஸில் இருந்து எங்கள் ஊருக்குள் திரும்பும் ரவுண்டானாவில் புதிதாக ஏதோ வைக்கப் போகிறார்கள். இப்போது அங்கே இருப்பது ஒரு நீரூற்று, திறந்து மூணு மாசத்தில் மோட்டார் போய்விட்டது, அப்புறம் தொட்டியில் மழைத்தண்ணியும் கொசுவும்தான். "மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று கவுன்சிலர் எங்கள் தெரு நலச்சங்கத்தின் தலையில் கட்டிவிட்டார். மூணு படம் கொடுத்தார்: "ஐ லவ்" போட்டு ஊர் பேர், ஒரு ஃபைபர் காளை, இருபதடி உயரத்தில் கைத்தறி. நானும் புத்திசாலித்தனமாக வாட்ஸ்அப் குழுவில் ஓட்டுக்கு விட்டேன். ராத்திரி பத்து மணிக்குள் ஓட்டை விட்டுவிட்டு ஆளை ஆள் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கைத்தறி வைத்தால் விசைத்தறிக்காரன் என்ன ஊருக்கு வந்தவனா என்று ஒருத்தர், இதெல்லாம் எதுக்கு எங்க தலைவர் சிலை வைங்க என்று இன்னொருத்தர், அதற்குப் பதிலாக வேறொரு தலைவர் பேர். காலையில் பதினோரு பேர் குழுவைவிட்டே வெளியே போயிருந்தார்கள். இதை எப்படிக் கேட்டிருக்கணும்?

தேர்முட்டி:
தம்பி, முதலில் அந்த இடம் நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்க. அது தெரியாமல் ஓட்டு எடுத்தால் வீண். தலைவர் சிலை கேட்டவர்களுக்குச் சண்டை இல்லாமல் ஒரு பதில் இருக்கிறது: பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. சாலையை அழகுபடுத்தும் வேலைகளுக்கு அதிலேயே விலக்கு உண்டு, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் கட்டலாம் என்று நினைக்காதீங்க. மெரினா காமராஜர் சாலையில் இருந்த சிவாஜி சிலையையே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2017இல் எடுத்து அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். மதுரை மாட்டுத்தாவணி நக்கீரர் தோரணவாயிலும் அப்படித்தான். 1981 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கட்டினது, 2025 பிப்ரவரியில் இடித்தார்கள், இடிக்கும்போது தூண் சரிந்து பொக்லைன் ஓட்டியவர் உயிரே போனது. கட்டும்போது யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். வண்டி திரும்பும்போது எதிரில் வருகிற வண்டி தெரியணும், அதை மறைக்கிற எதுவும் வேண்டாம். உங்கள் இருபதடித் தறிக்கும் இது பொருந்தும்.

டைன்கரையான்:
நான் இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம் நாலு வருசம் இருந்தேன். ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்ஸ்ஹெட், ஊருக்குள் நுழையும்போது ரோட்டோரக் குன்றின் மேல் ரெண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு 'வடக்கின் தேவதை' நிற்கும். சிற்பி ஆண்டனி கோர்ம்லி செய்தது, 20 மீட்டர் உயரம், இறக்கை முனைக்கு முனை 54 மீட்டர், 1998இல் நிறுத்தினார்கள். அன்றைக்கு ஓட்டுக்கு விட்டிருந்தால் தோற்றிருக்கும், உள்ளூர்ப் பத்திரிகையிலேயே எதிர்த்து எழுதினார்கள், எட்டு லட்சம் பவுண்டு செலவில் இரும்புப் பொம்மையா என்று. (பெரும்பகுதி லாட்டரி நிதி, அது வேற கதை.) நின்ற சில மாதத்திலேயே நியூகாசில் கால்பந்து ரசிகர்கள் அதற்குத் தங்கள் ஆட்டக்காரர் ஆலன் ஷியரரின் பனியனை மாட்டிவிட்டார்கள். அன்றைக்கே அது அவங்க ஊர்ப் பொருளாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். அது நிற்கிற இடம் பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் குளிக்கிற கட்டடம் இருந்த இடம். உங்களுக்குத் தறி மாதிரி அவங்களுக்குச் சுரங்கம். ஆனாலும் கோர்ம்லி மண்வெட்டியையோ ஹெல்மெட்டையோ செய்து வைக்கவில்லை பாருங்க.

அதற்காக ஊரைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்து முடித்த படத்தைக் காட்டி 'இதுவா அதுவா' என்றால் கட்சிதான் சேரும். ஊரைப் பற்றி முதலில் கேளுங்க: வெளியூரில் இருந்து வரும்போது ஊர் வந்துவிட்டது என்று உங்களுக்கு எதை வைத்துத் தெரியும்? இந்த ஒரு கேள்வி போதும். அதை எடுத்துக்கொண்டு ரெண்டு மூணு சிற்பிகளிடம் போங்க, சின்ன மாதிரி செய்யச் சொல்லிப் பஸ் ஸ்டாண்டில் பத்து நாள் வைங்க. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் காலியாகக் கிடந்த நாலாவது பீடத்துக்கு இப்படித்தான், மாதிரிகளை மக்களுக்குக் காட்டிக் கருத்து வாங்குவார்கள், முடிவு ஒரு குழுவினுடையது. மாதிரி செய்கிற சிற்பிக்குக் கூலி கொடுங்க, ஓசியில் கேட்காதீங்க.

பட்டறை சேகரம்:
ஃபைபர் காளை வேண்டவே வேண்டாம். ரெண்டு வெயிலுக்கு நிறம் வெளுக்கும், முதலில் கொம்பு போகும், உள்ளே விட்ட கம்பி துருப்பிடித்துக் கால் வழியாகக் காவித் தண்ணி ஒழுகும். நான் ஒட்டுப் போட்டுக் கொடுத்த காளையே நாலு இருக்கு. மேலே சொன்ன தேவதை செம்பு கலந்த ஒரு வகை இரும்பு, மேலே பிடிக்கிற துருவே அதற்குப் பெயின்ட் மாதிரி, ஆனால் தண்ணி தேங்குகிற மூலை இருந்தால் அதுவும் அரிக்கும். எந்தப் பொருளானாலும் எஸ்டிமேட்டிலேயே பராமரிப்புக்கு ஒரு தொகை தனியாக எழுதச் சொல்லு.

கிழக்குவீதி:
டெண்டர் யாருக்கு என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் கருத்துக் கேட்பாங்க. பாவம் நீங்க.

பாவோடி:
இருக்கலாம் அண்ணா, இருந்தாலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். டைன்கரை அண்ணன் சொன்ன கேள்வியை ஒரு நோட்டில் எழுதி டீக்கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் என்று நாலு நாள் அலைந்தேன். பாதிப் பேர் கோயில் கோபுரம், பரோட்டாக் கடை வாசம் என்றார்கள். ரேஷன் வரிசையில் ஒரு பாட்டி, "பஸ்ஸுல தூங்கிட்டே வந்தாலும் தறிச் சத்தம் கேட்டா முழிச்சுக்குவேன்யா, அதான் ஊரு" என்றது. குழித்தறியா விசைத்தறியா என்று கேட்டேன். "சத்தத்துல என்னய்யா பாகுபாடு" என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்துவிட்டது. சேகரம் அண்ணா, தறியே வேண்டாம், தாழ்வாக ஒரு கம்பி வளையம், அதில் காற்றடித்தால் தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா மட்டும் இப்படியும் அப்படியும் ஓடி டக் டக் என்று அடிக்கிற மாதிரி செய்ய முடியுமா?

பட்டறை சேகரம்:
முடியும். லாரி ஹாரனில் சத்தம் கேட்காது, ஓடுறது கண்ணுக்குத் தெரியும். பேரிங்குக்கு மாசாமாசம் யார் கிரீஸ் வைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு வா, அப்புறம் அளவு பேசலாம்.