செஸ்ஸில் டிராவுக்கு அரைப் புள்ளி கொடுக்கத்தான் வேண்டுமா?

வெள்ளைக்குதிரை:
2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேரம் ஆடும்) ஆட்டங்களும் டிரா. கடைசி ஆட்டத்தில் கார்ல்சனுக்கு நிலை சாதகம், கடிகாரத்தில் நேரமும் அதிகம். ஆனாலும் 31வது நகர்வில் டிரா கேட்டார். நேரம் குறைவான ரேபிட் ஆட்டத்தில் தன் கை ஓங்கும் என்று அவருக்குத் தெரியும். சமநிலையை உடைக்க ரேபிட்டில் நடந்த டைபிரேக்கில் 3-0 என்று ஜெயித்தும் காட்டினார். அவர் கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் போட வைக்கிற விதியைத்தான் சொல்கிறேன். மூன்று வாரம் கண்விழித்துப் பார்த்த ரசிகனுக்குப் பட்டத்தை முடிவு செய்துகொடுத்தது வேறொரு வகை ஆட்டம். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் விட்டுப் போகிறார்கள். ஜெயித்தால் ஒரு புள்ளி, இல்லையென்றால் பூஜ்யம். இதுதான் என் கட்சி.

கடைசிச்சிப்பாய்:
அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1984இல் மாஸ்கோவில் கார்ப்போவும் காஸ்பரோவும் ஆடியபோது டிரா கணக்கிலேயே இல்லை; முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். 48 ஆட்டம் ஆடினார்கள், அதில் 40 டிரா. கடைசியில் 1985 பிப்ரவரியில் முடிவே இல்லாமல் நிறுத்தினார்கள். டிராவால் லாபமில்லை என்றால் நஷ்டமும் இல்லை, அவ்வளவுதான். 1927இல் கபாப்ளாங்காவும் அலெகினும் ஆடியபோதும் இதே ஆறு வெற்றி விதிதான். 34 ஆட்டத்தில் 25 டிரா.

வெள்ளைக்குதிரை:
அவை எல்லையே வைக்காத மேட்ச்கள். நான் கேட்பது பலர் ஆடும் டோர்னமென்ட்டுக்கு. அங்கே பூஜ்யம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்துப் போர்டில் ஜெயித்தவர் மேலே போய்விடுவார். உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி, 1962இல் குராசோவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோசியன், கெல்லர், கெரஸ் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டமும் டிரா. பேசி வைத்து ஆடினார்கள் என்று ஃபிஷர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். அதற்குப் பிறகு உலகச் செஸ் அமைப்பான ஃபிடே கேண்டிடேட்ஸை நாக்அவுட் மேட்ச்களாக மாற்றியது. அரைப் புள்ளி என்று ஒன்று இல்லாதிருந்தால் அவர்களுக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்?

ஏழாம்வரிசை:
நடுவில் ஒரு வழி இருக்கிறதே. 2008இல் பில்பாவோவில் கால்பந்து மாதிரி வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 கொடுத்தார்கள். டிராவும் செல்லும், ஜெயிக்க ஆசையும் இருக்கும்.

கடைசிச்சிப்பாய்:
பேசி வைத்து ஆடுகிறவர்களுக்கு அது இன்னும் வசதி. இரண்டு சுற்று ஆடும் போட்டியில் இருவரும் இரண்டு டிரா செய்தால் ஆளுக்கு 2 புள்ளி. ஆளுக்கொரு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் ஆளுக்கு 3. டிராவுக்குப் பூஜ்யம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறு. டிரா என்றாலே இருவரும் ஆடாமல் எழுந்து போனார்கள் என்று பேசுகிறீர்கள். ஒரு நிலையைப் பாருங்கள். வெள்ளையின் நடுச் சிப்பாய் ஆறாவது வரிசையில், அதற்கு நேர் பின்னால் வெள்ளை ராஜா. சிப்பாய்க்கு நேர் முன்னால் கறுப்பு ராஜா, வேறு காயே இல்லை. ஆடவேண்டியது கறுப்பு. ராஜாவை நேராகக் கடைசி வரிசைக்கு இறக்கினால் டிரா. குறுக்காக ஒரு கட்டம் தள்ளி இறக்கினால் ஆட்டம் போச்சு. ஐந்து மணி நேரம் ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு போராடி, இந்த இடத்துக்கு வந்து, சரியான கட்டத்தில் ராஜாவை வைக்கிறவருக்கு ஒன்றுமே கிடையாது என்கிறீர்கள். அப்புறம் எதற்காக ஒருவர் தற்காப்பு கற்க வேண்டும்?

ஏழாம்வரிசை:
2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியும் இதற்குச் சாட்சி. 13 ஆட்டம் முடிந்தபோது குகேஷும் டிங்கும் 6.5-6.5. 14வது ஆட்டத்தில் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிராதான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். 55வது நகர்வில் டிங் ரூக்கை மாற்றிக்கொள்ளப் போனார். பிஷப் மாற்றத்தையும் தடுக்க முடியவில்லை. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய சிப்பாய் எண்ட்கேம், அதில் டிங்குக்குத் தோல்வி உறுதி. டிரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தானே அந்த நிமிடம் அத்தனை பேருக்கும் மூச்சு நின்றது?

வெள்ளைக்குதிரை:
அந்த ஆட்டம் முடிவு கண்டதால் இன்றும் பேசுகிறோம். அதே போட்டியில் டிராவான ஒன்பது ஆட்டங்களில் எதை நினைவு வைத்திருக்கிறீர்கள்? சிப்பாய் எண்ட்கேம் டிராவுக்கு நான் எதிரியில்லை. பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையில் பதினான்கு நகர்வு ஆடி, ஒரே நிலையை மூன்று முறை வரவைத்து விதிப்படி டிராவாக்கிவிட்டு எழுந்து போகிறார்களே, அதைத் தடுக்க என்ன வழி? டிரா கேட்பதைத் தடை செய்த சோஃபியா விதியாலும் இதை நிறுத்த முடியாது. நார்வே செஸ்ஸில் 2019 முதல் செய்வது எனக்குச் சம்மதம். கிளாசிக்கல் டிரா ஆனால் அன்றே அர்மகெடான், அதாவது வெற்றி தோல்வியை முடிவு செய்யும் ஒரே ஒரு வேக ஆட்டம்.

கடைசிச்சிப்பாய்:
அர்மகெடானில் டிரா ஆனால் கறுப்புக்கு வெற்றி. அரைப் புள்ளி கூடாது என்று ஆரம்பித்தவர் டிராவுக்கு முழு வெற்றியே கொடுக்கிறீர்கள்.

வெள்ளைக்குதிரை:
வெள்ளைக்கு அது தோல்வி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காகத்தான் வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7. ஒருவராவது ஜெயிக்க ஆடியே தீரவேண்டும். நான் கேட்பதும் அதைத்தான்.