அந்தக் கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டதா?

பின்னிரவு வாசகி:

இந்த மாத வாசிப்புப் பரிந்துரையில் மழைக்காகிதம் அவர்கள், 1989ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமைன்ஸ் ஆஃப் தி டே’ நாவலை, மெல்லக் கனியும் பணியிடக் காதல் கதைகளில் தலைசிறந்தது என்று புகழ்ந்திருந்தார். அதோடு, மாளிகையின் வீட்டு நிர்வாகி மிஸ் கென்டன் தேம்பி அழுவதைக் கேட்டு உள்ளே வரும் பட்லர் (தலைமைப் பணியாளர்) ஸ்டீவன்ஸ், தூசி தட்டாத ஒரு மாடத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும் இடத்தில் தாம் உடைந்துபோனதாகவும் எழுதியிருந்தார். அப்படி ஓர் இடம் நாவலில் இல்லை. ஸ்டீவன்ஸ் உள்ளே வருவதே இல்லை. கையில் தட்டோடு இருண்ட நடைவழியில் நிற்கிறார். கதவின் விளிம்பில் வெளிச்சம் கசிகிறது. அழுகை ஒலி எதுவும் தன் காதில் விழவில்லை என்று, கதையை நமக்குச் சொல்லும் அவரே கூறுகிறார். ஆனாலும் தட்டித் திறந்தால் அவள் கண்ணீரோடுதான் இருப்பாள் என்று உறுதியாக நம்புகிறார். பிறகு மாடிக்குப் போய் விருந்தினருக்கு ஒயின் பரிமாறுகிறார்.

இந்த நாவலை முழு மனத்தோடு நேசிக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை; ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 24 வயதில் பாதியில் மூடி வைத்தேன். ஒரே அலுவலகத்தில் 19 ஆண்டுகள் பணியாற்றிய பிறகு எடுத்தபோது இரண்டே இரவுகளில் முடித்தேன். டார்லிங்டன் மாளிகையின் பட்லரும் வீட்டு நிர்வாகியும் நாள் முடிவில் கோகோ அருந்திக்கொண்டே மறுநாள் வேலைகளைப் பேசிக்கொள்ளும் அந்தச் சந்திப்புகள்தாம் அவர்களுடைய நெருக்கத்துக்கு நாவல் ஒதுக்கும் இடம். அவள் ஒரு நாள் களைப்பாக இருக்கிறது என்று சொன்னதும் அவற்றையும் அவர் நிறுத்திவிடுகிறார். அந்தப் பக்கத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இடமாற்றலாகிப் போன நாளில் அவரிடம் கோப்புகளை ஒப்படைத்தாயிற்றா என்று மட்டுமே கேட்டவள் நான். அதனால்தான் அந்தக் கோபம் யார் மீது என்பது எனக்கே தெளிவாகவில்லை.

மழைக்காகிதம்:

நான் எழுதியதில் என்ன பிழை என்று புரியவில்லை. அந்தக் காட்சி என் கண்முன் அப்படியே நிற்கிறது. அவள் தரையில் அமர்ந்து அழுகிறாள், அவர் கதவைத் திறக்கிறார், காலை உணவு அறைக்கு வெளியே உள்ள மாடம் சுத்தமாக இல்லை என்கிறார். இதைவிடக் கொடிய காதல் காட்சியை நான் கண்டதில்லை. நீங்கள் வேறு பதிப்பைப் படித்திருக்கலாம்.

கரிசல்மேடு:

பதிப்பில் எந்த வேறுபாடும் இல்லை. மழைக்காகிதம் பார்த்தது 1993இல் ஜேம்ஸ் ஐவரி இயக்கிய திரைப்படம். அந்தனி ஹாப்கின்ஸ் கதவைத் திறப்பதும் எம்மா தாம்சன் அழுவதும் அதில்தான் வருகின்றன. நாவலை மூன்று முறை, பென்சிலால் குறித்துக்கொண்டு படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பரிந்துரைப்பவர்களை இங்கே நான் முன்பும் கண்டித்திருக்கிறேன்.

ஆனால் பின்னிரவு வாசகி அவர்கள் செய்திருப்பது அதைவிடப் பெரிய பிழை. ஒலி கேட்கவில்லை என்று ஸ்டீவன்ஸ் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அவர் கேட்டார். கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறார். மாளிகையின் பழைய முதலாளி லார்ட் டார்லிங்டனிடம் வேலை பார்த்தவர்தாமா என்று அந்நியர்கள் கேட்டபோது இரண்டு இடங்களில் இல்லை என்று மறுத்த மனிதர் அவர். மிஸ் கென்டனின் கடிதத்தில் அவள் மாளிகைக்குத் திரும்ப விரும்புவதாகக் குறிப்பு இருக்கிறது என்று, அவளைப் பார்க்கப் போகும் 1956ஆம் ஆண்டுப் பயணம் முழுவதும் நம்மிடம் சொல்லிவந்துவிட்டு, பிறகு மீண்டும் படித்துப் பார்த்துத் தானே பின்வாங்குகிறார். அப்படிப்பட்டவரின் சொல்லை வைத்து நீங்கள் எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

பின்னிரவு வாசகி:

அவர் பொய் சொல்பவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எந்த இடத்தில் பொய் சொல்கிறார் என்று பாருங்கள். முதலாளியின் மானம், தன் தொழிலின் கண்ணியம் இரண்டையும் காப்பதற்கே பொய் சொல்கிறார். கதவுக்கு முன்னால் நின்றதைச் சொல்லும்போது அவர் எதையும் காக்கவில்லை. ஒலி எதுவும் கேளாமலே உள்ளே ஒருத்தி அழுகிறாள் என்று ஒரு மனிதருக்குத் தெரிகிறது என்றால், அத்தனை ஆண்டுகளாக அவர் அவளை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும்! கேட்டுவிட்டுப் போயிருந்தால் அவர் வெறும் கல்நெஞ்சர். கேளாமலே அறிந்து, அறிந்தும் தட்டாமல் போனதுதான் இந்த நாவலின் காதல். ஒலியைச் சேர்த்தால் அந்தக் காதலே இல்லாமல் போய்விடும்.

கரிசல்மேடு:

இது உங்கள் விருப்பம். நாவலில் இருப்பது வேறு. அந்தக் கதவின் முன் நின்ற நினைவை அவர் இரண்டு முறை சொல்கிறார். முதலில், அவளைத் தாய்போல் வளர்த்த அத்தை இறந்த செய்தி வந்த நாளோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார். பிறகு, தான் குழம்பிவிட்டதாகவும், அது சில மாதங்கள் கழித்து, மிஸ்டர் பென்னை மணக்கச் சம்மதித்துவிட்டதாக அவள் வந்து சொன்ன இரவு என்றும் திருத்திக்கொள்கிறார். ஒரே கதவின் முன் எந்த நாளில் நின்றோம் என்பதையே மாற்றிச் சொல்பவர், அழுகை கேட்டதா இல்லையா என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவாரா? அவர் கேட்டார். இதில் எனக்கு ஐயமே இல்லை.

சென்ற ஆண்டு ஒரு ருஷ்ய நாவலைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் பிரதியை விட்டுவிட்டு உங்கள் வாழ்க்கையை அதன் மேல் ஏற்றினீர்கள். இங்கே இடமாற்றலாகிப் போன உங்கள் சக ஊழியர் எதற்கு வந்தார்?

பின்னிரவு வாசகி:

என் சக ஊழியரை நான் வாதத்துக்கு இழுக்கவில்லை. என் மனநிலையைச் சொன்னேன். சென்ற ஆண்டுக் கணக்கை இங்கே திறக்க வேண்டாம். அன்று கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனவர் நீங்கள்தான்.

நினைவு தேதி மாறியிருக்கிறது என்பதே என் பக்கத்துக்கு வலு. துக்கச் செய்தி வந்த நாள் என்றால் அவள் அழுவதற்கு அவர் காரணமில்லை. அவருக்குப் பொறுப்பும் இல்லை. அன்று ஆறுதல் சொல்லத் தவறியதோடு, பின்னர் அவளைச் சந்தித்தபோது புதிதாகச் சேர்ந்த பணிப்பெண்களின் வேலைக் குறைகளைப் பேசினார் என்பது வேறு. ஆனால் பென்னின் இரவு என்று திருத்திய கணத்தில் அந்தக் கண்ணீர் முழுவதும் அவர் கணக்கில் வந்து சேர்கிறது. தனக்கு எதிராகவே நினைவைத் திருத்துபவர், அதே மூச்சில் ஒலியை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

ஊசியிலை:

நீங்கள் இருவரும் ஒரு கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காக ரூத், சாரா என்ற இரண்டு பணிப்பெண்களை வெளியேற்றும்படி லார்ட் டார்லிங்டன் சொன்னபோது ஸ்டீவன்ஸ் மறுபேச்சின்றி நிறைவேற்றினாரே, அப்படிப்பட்டவரை ஒரு பெண் எப்படி நேசிக்க முடியும்? இதைக் காதல் கதை என்று சொல்வதே எனக்கு உறுத்துகிறது. மிஸ் கென்டனும் வேலையை விட்டுப் போகிறேன் என்று சூளுரைத்துவிட்டுப் போகவில்லை.

மழைக்காகிதம்:

அவள் போகாததற்குக் காரணம் காதல்தான். அவரை விட்டுப் போக மனமில்லை.

ஊசியிலை:

மன்னிக்க வேண்டும். போக இடமில்லை, வெளியே போனால் தன்னை அறிந்தவரோ பொருட்படுத்துபவரோ யாருமில்லை என்ற அச்சம்தான் காரணம் என்று அவளே ஒத்துக்கொண்டு, தன்னைக் கோழை என்று சொல்லிக்கொள்கிறாள். வேலையை விட்டால் தங்கும் இடத்தையும் சேர்த்து இழக்கும் நிலையில் இருந்த பெண் அவள். பணியிடக் காதல் என்று இனிப்பாகப் பேசுபவர்கள் அவளுடைய கூலியையும் கூரையையும் மறந்துவிடுகிறீர்கள்.

கரிசல்மேடு:

ஊசியிலை சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் பேச்சு அதுவல்ல. பேச்சு, கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டதா என்பது. நான் இன்னொரு சான்று தருகிறேன். 1923ஆம் ஆண்டு மாளிகையில் நடந்த மாநாட்டின்போது அவருடைய தந்தை மாடியில் இறந்துகொண்டிருக்க, ஸ்டீவன்ஸ் கீழே பரிமாறிக்கொண்டிருக்கிறார். அழுதவர்போல் இருக்கிறாயே என்று லார்ட் டார்லிங்டன் கேட்கிறார். நாளின் களைப்பு என்று இவர் பதில் சொல்கிறார். தான் அழுததாக அவர் நம்மிடம் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. இறுதியில் வேமத் கடற்பாலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குட்டையை நீட்டும்போதுதான் அவர் அழுவது நமக்குத் தெரிகிறது. தன் கண்ணீரையே மறைப்பவர் அவளுடைய கண்ணீரின் ஒலியை மறைக்கமாட்டாரா? மூன்றாம் வாசிப்பில்தான் இது எனக்குத் துலங்கியது. இரண்டு இரவுகளில் படித்து முடிப்பவர்களுக்குத் துலங்காது.

பின்னிரவு வாசகி:

எத்தனை இரவுகளில் படித்தேன் என்பது என் தகுதியை அளக்கும் கோல் அல்ல. நீங்கள் தந்த சான்று உங்களையே எதிர்க்கிறது. தன் கண்ணீரை அவர் மறைக்கிறார், சரி. அவளுடைய கண்ணீரை எங்கே மறைத்தார்? உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று தான் நம்பியதை வலிய வந்து சொல்கிறாரே! மறைக்க நினைப்பவர் அந்த நடைவழியைப் பற்றியே வாய் திறந்திருக்கமாட்டார்.

கரிசல்மேடு:

வாய் திறந்ததுதான் தந்திரம். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது அவருடைய பழக்கம். அவர் அறையில் மிஸ் கென்டன் நுழைந்து, அவர் கையிலிருந்த புத்தகத்தை விரல் விரலாக விலக்கிப் பார்த்தபோது அது ஒரு சாதாரணக் காதல் கதையாக இருந்தது. மொழித் தேர்ச்சிக்காகப் படிப்பதாகச் சொன்னார். புத்தகம் இருந்தது உண்மை, காரணம் பொய். கதவின் முன் நின்றதும் உண்மை, ஒலி கேட்கவில்லை என்பது பொய்.

இஷிகுரோவே 2017ஆம் ஆண்டு நோபல் உரையில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஸ்டீவன்ஸ் இறுதிவரை தன் கவசத்தைக் கழற்றாமலே இருப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தாராம். அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸ் பாடிய ஒரு பாடலைக் கேட்ட பிறகே ஓரிடத்தில் அந்தக் கவசம் விரிசல் விட வேண்டும் என்று மாற்றினார். நாவலாசிரியரே கவசம் என்று ஒப்புக்கொண்ட பின் நீங்கள் ஸ்டீவன்ஸின் வாக்குமூலத்தைத் தூக்கிப்பிடிப்பது வியப்பாக இருக்கிறது.

பின்னிரவு வாசகி:

அந்த விரிசல் விழும் இடம் பேருந்து நிறுத்தம். உங்களோடு வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பதுண்டு என்று இப்போது மிஸஸ் பென்னாக இருப்பவள் சொல்ல, தன் நெஞ்சு உடைந்துகொண்டிருந்ததை அவர் நம்மிடம் ஒப்புக்கொள்ளும் இடம். அதற்கும் நடைவழிக் கதவுக்கும் தொடர்பில்லை. நோபல் உரையை முன்வைத்து வாதத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அந்த உரையில் கதவு எங்கே வருகிறது?

மழைக்காகிதம்:

நான் இப்போது புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் படத்தில் அவர் உள்ளே போவதுதான் சரி என்றே இன்னமும் நினைக்கிறேன். வெளியே நின்று நினைத்துக்கொண்டிருப்பதில் என்ன காதல் இருக்கிறது?

கரிசல்மேடு:

முழுதும் படித்துவிட்டு வாருங்கள், மழைக்காகிதம். அதுவரை காதலைப் பற்றிய கருத்து வேண்டாம்.

பின்னிரவு வாசகி அவர்களுக்கு: கதவு உரையில் வராவிட்டாலும் நாவலில் வருகிறது. அன்றிரவு அவர் அந்தக் கதவைக் கடந்து போன பிறகு என்ன நடக்கிறது? கூடத்தில் தனியாக நின்றபடி வெற்றிப் பெருமிதத்தை உணர்கிறார். ஒருத்தி அழுவதைக் காதால் கேட்டு, அதையும் தாண்டி வந்து கடமையைச் செய்துவிட்டோம் என்பதால் வந்த பெருமிதம் அது. எதுவுமே கேட்காதவருக்கு எதை வென்ற பெருமிதம்?

ஊசியிலை:

ரூத்தையும் சாராவையும் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பின்னிரவு வாசகி:

தன்னை வென்ற பெருமிதம். தட்டுவதற்கு உயர்ந்திருக்க வேண்டிய கையைத் தட்டோடு கட்டிப்போட்ட பெருமிதம். அதைப் படிக்கும்போதுதான் இந்த நாவல் மீது எனக்கு அடங்காத சினம் வருகிறது; அதைப் படிக்கும்போதுதான் இதை என்னால் கைவிட முடியாமலும் போகிறது. அவர் எதையும் கேட்கவில்லை.

கரிசல்மேடு:

கேட்டார். நாளை மாலை அந்தப் பத்தியைத் தமிழில் பெயர்த்து, என் குறிப்புகளோடு இங்கே இடுகிறேன்.

பின்னிரவு வாசகி:

இடுங்கள். ஒலி எதுவும் கேட்கவில்லை என்று வரும் வரியை விட்டுவிடாமல் இடுங்கள்.