ஹார்ஸ் கேவ் ஊருக்கு அடியில் கண்ட வெள்ளை உயிர்

குகைவாழ் உயிரினங்களை நேரில் கண்ட அனுபவங்களை நண்பர்கள் எழுதி வருவதால், சென்ற கோடையில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நான் கண்டதையும் காணக் கிடைக்காததையும் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் தேடிச் சென்றது கென்டக்கி குகை இறாலை. மேமத் குகை வட்டாரத்தின் நிலத்தடி ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த இறால், ஏறத்தாழ 3 செ.மீ. நீளமே வளரும், பார்வையும் இல்லை, நிறமும் இல்லை. ஒருகாலத்தில் அழிந்தே போயிருக்கலாம் என்று அஞ்சப்பட்டு, மீண்டும் கண்டறியப்பட்டு, 1983இல் அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. மேமத் குகைக்குள் நாங்கள் நடந்த பாதையோ, இறால் வாழும் ஆறுவரை இறங்காமல், வறண்ட மேல்தளங்களோடு முடிந்துவிட்டது. அன்று இரவு எனக்கு மிகுந்த ஏமாற்றம்.

மறுநாள் அருகிலுள்ள ஹார்ஸ் கேவ் என்னும் சிற்றூருக்குப் போனோம். அங்கே கடைத்தெருவை ஒட்டியே ஹிட்டன் ரிவர் குகையின் வாய் திறந்திருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கியதும் ஆறு. வழிகாட்டி விளக்கைத் தாழ்த்திய இடத்தில், கல்லுக்கும் வண்டலுக்கும் நடுவே, விரல் நீளத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குகை கிரேஃபிஷ் (மீனல்ல, இறாலைப் போன்ற ஓடுடைய நன்னீர் உயிர்), நண்டுக்கு இருப்பது போன்ற கொடுக்குகளை முன்னே நீட்டியபடி நின்றிருந்தது. அதன் மெல்லிய உணர்கொம்புகள் மட்டும் ஓயாமல் நீரைத் துழாவிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு அது அசையவே இல்லை. ஆனால் எங்களில் ஒருவரின் கால் பட்டு ஒரு சிறு கல் நீரில் விழுந்ததும், அந்த அதிர்வை உணர்ந்து நொடியில் பின்வாங்கிக் கல்லடியில் புகுந்துகொண்டது.

இதே குகை, ஊர்ச் சாக்கடையும் பால்பண்ணைக் கழிவும் இறங்கிச் சீரழிந்ததால், 1943இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது என்பதை அங்கேதான் அறிந்தேன். புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1989இல் வந்த பிறகு நீர் தெளிந்தது. கிரேஃபிஷும் பார்வையற்ற குகை மீனும் திரும்பின. 1993இல் குகையும் திறக்கப்பட்டது.

நான் தேடிப்போன இறாலின் கதியும் இப்படி நீரின் தூய்மையைப் பொறுத்ததுதான். அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புப் பாறை கரைந்து நிலம் உள்வாங்கிய பள்ளங்கள் ஏராளம். வயலில் தெளித்த மருந்தானாலும் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து சிந்திய எண்ணெயானாலும், மண்ணில் வடிகட்டப்படாமல் அந்தப் பள்ளங்கள் வழியே குகை ஆற்றுக்கு இறங்கிவிடும். மேமத் குகையை ஒட்டி ஓடும் கிரீன் ஆற்றின் பழைய ஆறாம் எண் அணையும் அக்குகைக்குள் நீரைத் தேக்கி வண்டல் படியச் செய்தது. அது 2017இல் அகற்றப்பட்டதைப் பெரிய நற்செய்தியாகவே நான் கருதுகிறேன்.

திரும்பும் வழியில் ஒரு சோளக்கொல்லையின் நடுவே அப்படியொரு பள்ளத்தைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். உழவர் அதன் விளிம்புவரை உழாமல், சுற்றிலும் அகலமாகப் புல்லை வளரவிட்டிருந்தார்.